முப்பதாயிரம் முடிகளும் ஒரே பக்கம்

ஹௌராவுக்குச் சற்று முன்னால், தென்கிழக்கு ரயில்வேயின் தடத்தில் இருக்கிறது சாந்த்ராகாச்சி. சென்னைப் பக்கமிருந்து போகும் சில ரயில்கள் ஹௌரா வரை செல்லாமல் இங்கேயே நின்றுவிடுவதால், தமிழ்நாட்டுப் பயணிகளுக்கும் இந்தப் பெயர் பழக்கம்தான். நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி. வங்காளிகள் அதை ஜீல் என்பார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் ஆயிரக்கணக்கில் சீழ்க்கைச் சிறகிகள் உட்கார்ந்திருக்கும். இமயமலைக்கு அப்பாலிருந்து ஊசிவால் வாத்தும் கருவால் வாத்தும் வந்து சேரும்.

அந்த வாத்துகளின் முதுகைத் தொலைநோக்கியில் பார்த்தால் ஒன்று புரியும். ஓர் இறகுகூடத் திசை தவறுவதில்லை. எல்லாம் தலையிலிருந்து வாலை நோக்கிச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மூழ்கி எழுந்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. பத்தில் ஓர் இறகு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாலும் அந்த இடைவெளியில் நீர் புகுந்து உடம்பு நனைந்துவிடும்.

முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது அந்த முதுகு வெறும் செல் விரிப்பு. விரிப்பில் இருக்கும் ஒரு செல்லுக்குக் கண் இல்லை. தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று அதற்குக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. தன்னைச் சுற்றியுள்ள ஐந்தாறு செல்களைத் தவிர வேறெதையும் அது தொட்டதும் இல்லை. அப்படியிருக்க, தன்னிடமிருந்து முளைப்பது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது?

உயிரியலில் இதைவிட அழகான கேள்விகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். இதற்கான விடையின் பெரும்பகுதி வாத்திடமிருந்து வரவில்லை. அதே சாந்த்ராகாச்சி நிலையத்தில் வாழைப்பழ வண்டியின் மேல் மொய்க்கிற, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பூச்சியிடமிருந்து வந்தது.

பழ ஈ என்றதும் மாம்பழத்துக்குள் புழு வைக்கும் ஈயை நினைத்துவிட வேண்டாம். அது வேறு இனம், உழவர்களின் எதிரி. நாம் பேசுவது டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தில் வளரும் ஈஸ்ட்டைத் தேடி வருவது. சிவந்த கண்ணும் மஞ்சள் பழுப்பு உடலும் கொண்டது. 25 டிகிரி வெப்பத்தில் பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மரபியலாளர்கள் இதை ஆய்வகப் பாட்டில்களில் வளர்த்துவருவதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

இதன் இறக்கை கண்ணாடி போலத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் வைத்தால் மேற்பரப்பு முழுக்க நுண்முடிகள் தெரியும். ஒரு செல்லுக்கு ஒரு முடி. ஓர் இறக்கையில் ஏறத்தாழ 30,000 செல்கள், ஆக 30,000 முடிகள். அத்தனையும் உடம்போடு ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதியிலிருந்து இறக்கை நுனியை நோக்கிப் படுத்திருக்கும். கூட்டுப்புழுவாகி ஏறத்தாழ 32 மணி நேரம் கழிந்ததும், அறுகோண வடிவத்தில் நெருங்கி நிற்கும் ஒவ்வொரு செல்லிலும், நுனியைப் பார்த்த மூலையில் மட்டும் ஆக்டின் இழைகள் திரண்டு முடி எழத் தொடங்குகிறது. ஆறு மூலைகளில் சரியான மூலையை 30,000 செல்களும் தேர்ந்தெடுக்கின்றன.

ஒரு செல்லுக்கு மேல், கீழ் தெரிவதில் வியப்பில்லை. விரிப்பின் ஒரு முகம் வெளியைப் பார்க்கிறது, மறுமுகம் அடிச்சவ்வின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சிக்கல் பக்கவாட்டில்தான். விரிப்பின் தளத்துக்குள்ளேயே முன், பின் என்று பிரித்தறிய வேண்டும். நான்கு புறமும் தன்னைப் போன்ற செல்களே நிற்கும்போது இதற்கு வெளிப்படையான அடையாளம் எதுவும் கிடையாது. இந்தப் பண்புக்குத் தளத் துருவத்தன்மை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த ஒழுங்கு கெட்ட ஈக்கள் ஆய்வகங்களில் நெடுங்காலமாகவே தெரிந்தவை. இறக்கை முடி சுழித்துக்கொண்ட ஈக்கு ஃபிரிஸில்டு, கலைந்த தலைபோல் காட்சியளித்ததற்கு டிஷெவல்டு, முட்கள் தாறுமாறாக நின்றதற்கு பிரிக்கிள் என்றெல்லாம் பெயர்கள். இவை தனித்தனி வினோதங்கள் என்று வைத்திருந்த காலத்தில், 1982-இல் டேவிட் கப், அந்தோனியோ கார்சியா பெய்தோ இருவரும் இவற்றை வரிசையாக ஆராய்ந்து, எல்லாம் ஒரே வேலையின் வெவ்வேறு உறுப்புகளாக இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். இந்தத் துறையின் அடித்தளம் அங்கே போடப்பட்டது.

அந்த ஈக்களின் இறக்கைகளில் ஒரு நுட்பம் இருந்தது. மரபணு பழுதான பிறகும் முடிகள் கண்டபடி திரும்பி நிற்பதில்லை. பக்கத்துப் பக்கத்து முடிகள் ஏறத்தாழ ஒரே பக்கம்தான் சாய்கின்றன. ஆனால் அந்தத் திசை மெல்ல மெல்ல வளைந்து ஒரு சுழியாகிவிடுகிறது. 1998-இல் அடையாளம் காணப்பட்ட ஒரு மரபணுவுக்கு வான்கோ என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஓவியரின் வானத்துச் சுழல்களைப் போல இறக்கை காட்சியளித்தது. சுழி இருப்பதே பெரிய துப்பு. ஊருக்கு வழி தெரியாவிட்டாலும் அண்டை வீட்டோடு ஒத்துப்போகும் பழக்கம் செல்களிடம் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

அண்டைச் செல்களுக்குள் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று 1987-இல் வந்தது. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் வின்சனும் பால் ஆட்லரும் கலப்பு இறக்கைகளை ஆராய்ந்தார்கள். இறக்கை முழுவதும் நல்ல செல்கள், நடுவில் ஒரு சிறு தீவு மட்டும் ஃபிரிஸில்டு மரபணு இல்லாத செல்கள். தீவுக்குள் முடிகள் கெட்டுப்போகும் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது தீவுக்கு வெளியே நடந்தது. இறக்கை நுனிப் பக்கமாகத் தீவை அடுத்து நின்ற, எந்தப் பழுதும் இல்லாத செல்களின் முடிகள் திரும்பித் தீவை நோக்கிச் சாய்ந்திருந்தன. வேர்ப்பக்கம் நின்ற அண்டைச் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வான்கோ மரபணுவை இதே போல நீக்கியபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. வேர்ப்பக்கத்து அண்டைச் செல்கள் தீவை விட்டு விலகித் திரும்பின, நுனிப்பக்கத்தவை அப்படியே இருந்தன.

முதல் முறை படிக்கும்போது இது புதிராகத்தான் இருக்கும். பந்தியை நினைத்துக்கொண்டால் எளிது. வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம், எல்லோருக்கும் வாழை இலை நுனி இடப்பக்கம் வரும்படி போட்டிருக்கிறது. அப்போது என் இலையின் நுனி, எனக்கு இடப்பக்கம் இருப்பவரின் இலையடியைத் தொடுகிறது. இரண்டு இலைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நுனியும் ஓர் அடியும் இருக்கும். யாரும் மண்டபத்தின் மறுகோடியைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து இலையின் அடி எந்தப் பக்கம் என்று பார்த்து நுனியை அங்கே வைத்தால் போதும், வரிசை முழுதும் சரியாகிவிடும்.

செல்களில் நடப்பதும் இதுதான். ஃபிரிஸில்டு புரதம் செல்லின் நுனிப்பக்கச் சவ்வில் திரள்கிறது, அதோடு டிஷெவல்டும் டியேகோ என்ற இன்னொரு புரதமும் சேர்ந்துகொள்கின்றன. எதிர்முனையில், வேர்ப்பக்கச் சவ்வில், வான்கோவும் பிரிக்கிளும் கூடுகின்றன. ஒரு செல்லின் ஃபிரிஸில்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த செல்லின் வான்கோவை எதிர்கொண்டு நிற்கிறது. இரண்டையும் பிணைக்கும் பாலம் ஃபிளமிங்கோ என்ற புரதம். 1999-இல் கியோத்தோவில் ததாஷி உயெமுராவின் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். இது இரு செல்களிலிருந்தும் கை நீட்டித் தன்னைத் தானே பற்றிக்கொள்கிறது.

இப்போது தீவுக்கு வருவோம். ஃபிரிஸில்டு இல்லாத செல் நுனி இல்லாத இலை. அதனால் அண்டைச் செல்லுக்குத் தர முடிந்தது இலையடி மட்டுமே, அதாவது வான்கோ. எனவே தீவைத் தொட்டு நிற்பவர்கள் எல்லோரும் தங்கள் நுனியைத் தீவின் பக்கம் வைக்கிறார்கள். வேர்ப்பக்கத்தவர்களுக்கு அது வழக்கமான திசையே. நுனிப்பக்கத்தவர்கள் மட்டும் திரும்பிவிடுகிறார்கள். வான்கோ இல்லாத தீவில் ஏன் எல்லாம் தலைகீழாகிறது என்பதை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

இந்தப் புரதங்கள் தொடக்கத்திலேயே இப்படிப் பிரிந்து நிற்பதில்லை. செல்லின் விளிம்பு முழுதும் கலந்துதான் இருக்கின்றன. எல்லையைத் தாண்டி ஃபிரிஸில்டும் வான்கோவும் ஒன்றையொன்று நிலைப்படுத்துகின்றன. ஒரே செல்லுக்குள்ளோ ஒன்றையொன்று விரட்டுகின்றன. பிரிக்கிள் டிஷெவல்டைப் பிடித்து ஃபிரிஸில்டு அணியைக் குலைக்கப் பார்க்கிறது. டியேகோ குறுக்கே வந்து அதே டிஷெவல்டுக்காகப் பிரிக்கிளோடு போட்டியிடுகிறது. இந்த இழுபறியில், தொடக்கத்தில் ஒரு பக்கம் நூலளவு கூடுதலாக இருந்தால்கூட அந்த வேறுபாடு பெருகிப் பெருகி, கடைசியில் இரண்டு அணிகளும் எதிரெதிர் முனைகளில் ஒதுங்கிவிடுகின்றன. சொல்லால் விளக்குவது ஒன்று, இது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது வேறு. 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெஃப்ரி ஆக்ஸல்ராடும், விமான, விண்வெளிப் பொறியியல் துறையைச் சேர்ந்த கிளேர் டாம்லினும் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து சமன்பாடுகளை எழுதித் தீர்த்தார்கள். தீவுக்கு வெளியே நல்ல செல்கள் திரும்புவது வரை அந்தக் கணக்கில் வந்துவிட்டது.

ஆனால் பந்தியில் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. எல்லோரும் நுனியை வலப்பக்கம் போட்டிருந்தாலும் அண்டை விதி மீறப்படுவதில்லையே! முதல் இலையை இடப்பக்கம் போடச் சொன்னது யார்?

இந்த இடத்தில் அறிவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒரு காலத்தில் எல்லோருடைய விரலும், செல்கள் சுரந்து வெளியே அனுப்பும் செய்திப் புரதங்களான விண்ட் புரதங்களைச் சுட்டியது. அதற்குக் காரணம் இருந்தது. பூர்ணிமா பானோட், ஜெரமி நேதன்ஸ், ரோல் நூஸ் உள்ளிட்டோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபிரிஸில்டு குடும்பப் புரதங்களே விண்ட் செய்தியை வாங்கும் ஏற்பிகள் என்று காட்டியது. செய்தியை வாங்கும் புரதம் இதுவென்றால், திசைச் செய்தியும் விண்ட் வழியாகத்தானே வர வேண்டும்? 2013-இல் மாரெக் மிலோட்ஸிக்கின் நியூயார்க் குழு இறக்கையில் அதற்கான சான்றுகளை முன்வைத்தது. ஆனால் 2020-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, ஒன்று ஹார்வர்டிலும் மற்றொன்று லண்டனிலும், இறக்கையில் விண்ட் புரதங்களை நீக்கிப் பார்த்தன. முடிகள் சரியான திசையிலேயே நின்றன. பாடநூல்களில் இடம்பிடித்துவிட்ட ஒரு கருத்து இப்படி ஆட்டம் காண்பது அறிவியலின் பலவீனம் என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு இதுவே அதன் பெரும்பலமாகப் படுகிறது.

வேறொரு புரதக் குடும்பமும் இதில் இருக்கிறது. ஃபேட், டாக்ஸஸ் என்ற இரண்டு மிகப்பெரிய ஒட்டுப்புரதங்கள் அண்டைச் செல்களுக்கு இடையே ஒன்றையொன்று பற்றுகின்றன. டாக்ஸஸ் வேர்ப்பக்கம் மிகுதி. ஃபோர்-ஜாயின்டட் என்னும் நொதி நுனிப்பக்கம் மிகுதி. இந்த நொதி செல்லுக்குள் கோல்ஜி உறுப்பில் இருந்தபடி ஃபேட், டாக்ஸஸ் மீது பாஸ்பேட்டை ஏற்றுவதை 2008-இல் கென்னத் இர்வினின் குழு கண்டறிந்தது. அதனால் ஃபேட்டின் பிடி இறுகுகிறது, டாக்ஸஸின் பிடி தளர்கிறது. ஆக, இறக்கை நெடுக ஒரு சரிவு அமைகிறது. அடுத்தடுத்த இரண்டு செல்களுக்கு இடையே இந்தச் சரிவின் வேறுபாடு மிகச் சிறியது. அதைப் படித்தறிந்து ஃபிரிஸில்டு அணிக்கு ஃபேட்-டாக்ஸஸ் அணி சொல்கிறதா, அல்லது இரண்டு அணிகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே திசையைச் சொல்கின்றனவா? பீட்டர் லாரன்ஸ், கேரி ஸ்ட்ரூல், ஹோசே கசால் மூவரும் 2006-இல் ஈயின் வயிற்றுப் பகுதியை வைத்து, தனித்தனியே என்று வாதிட்டார்கள். வாதம் இன்றும் தொடர்கிறது. நம் நாட்டில் இந்திய அறிவியல் கழகத்தின் மோஹித் குமார் ஜாலி, ஸ்ரீராம் ராமசாமி, ஹைதராபாத் ஐஐடியின் முகமது சுஹைல் ரிஸ்வி ஆகியோர் தங்கள் மாணவரோடு சேர்ந்து, அண்டைப் பேச்சும் நெடுஞ்சரிவும் சேர்ந்து எப்படித் திசையை உருவாக்குகின்றன என்பதைக் கணித மாதிரிகளாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விடை 2010-இல் டிரெஸ்டனிலிருந்து வந்தது. சுசேன் ஈட்டன், ஃபிராங்க் யூலிஷர், பெனுவா எகுய் முதலானோர் கூட்டுப்புழுவுக்குள் இறக்கை வளர்வதை மணிக்கணக்கில் படம் பிடித்தார்கள். தொடக்கத்தில் செல்களின் துருவம் இறக்கை நுனியைப் பார்க்கவே இல்லை, சுற்று விளிம்பைப் பார்த்தபடி விரிந்து நின்றது. பிறகு இறக்கையின் கீல்ப்பகுதி சுருங்கத் தொடங்குகிறது. சுருங்கும்போது இறக்கைப் பரப்பு முழுவதையும் தன் பக்கம் இழுக்கிறது. செல்கள் நீள்கின்றன, இடம் மாறுகின்றன, ஓடும் நீரில் மிதப்பவைபோல் திரும்புகின்றன. அந்த ஓட்டத்தில் துருவமும் திரும்பி, நுனியை நோக்கி நேராகிறது. இடையில் கீலைத் துண்டித்தால் இந்தத் திருப்பம் குலைந்துபோகிறது. மரபணு புரதத்தைத் தருகிறது, புரதம் அண்டைச் செல்லோடு பேசுகிறது, ஆனால் திசையின் ஒரு பங்கை வெறும் இழுவிசை தருகிறது! மரபணுவை உடலின் முழு வரைபடம் என்று பேசிப் பழகிவிட்டோம். இறக்கையின் திசை எந்த மரபணுவிலும் எழுதப்படவில்லை. அண்டைச் செல்லிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி மட்டுமே அங்கே இருக்கிறது.

கண்ணிலும் இதே புரதங்கள்தான் வேலை செய்கின்றன. ஈயின் கூட்டுக்கண்ணில் ஏறத்தாழ 750 சிறு கண்கள், ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் செல்கள். அந்தச் சிறு கண்கள் வளரும்போது 90 டிகிரி திரும்புகின்றன, மேல்பாதி ஒரு பக்கமாக, கீழ்ப்பாதி எதிர்ப்பக்கமாக. இரண்டு பாதிகளும் கண்ணாடி பிம்பங்கள்போல் அமைகின்றன. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செல்களில் எது மூன்றாம் எண் செல், எது நான்காம் எண் செல் ஆவது என்ற போட்டி முடிவுசெய்கிறது. மூன்றாவதாக ஆகும் செல்லில் ஃபிரிஸில்டு வெல்கிறது.

வங்காளத்துக்கும் இந்த ஈக்கும் பழைய உறவு உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். முகர்ஜி, ஜெர்மனியின் வுல்ஃப்காங் பேர்மானோடு சேர்ந்து 1965-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, ஆண் ஈயின் ஒற்றை எக்ஸ் குரோமோசோம் பெண்ணின் இரண்டுக்கும் ஈடாக இருமடங்கு வேலை செய்கிறது என்பதற்குச் சான்று தந்தது. அவரிடம் படித்த எஸ். சி. லகோட்டியா பின்னாளில் பனாரஸில் பெரிய ஈ ஆய்வகத்தை வளர்த்தெடுத்தார். இன்று கொல்கத்தாவுக்கு வடக்கே மோகன்பூரில் உள்ள ஐசர் நிறுவனத்தில் மோஹித் பிரசாத்தின் குழு, ஈயின் முட்டைப்பைக்குள் ஆறு முதல் எட்டு செல்கள் கொத்தாகச் சேர்ந்து பயணம் போவதை ஆராய்கிறது. எல்லைச் செல்கள் எனப்படும் இவை, செவிலிச் செல்களின் இடுக்குகளில் நுழைந்து முட்டை செல்லை அடைந்தாக வேண்டும். இல்லையென்றால் விந்து நுழைவதற்கான வாசல் சரியாக அமையாது. இறக்கையின் ஃபிரிஸில்டு அணி இந்தப் பயணத்துக்கும் தேவை என்று 2007-இல் ரெபெக்கா பாஸ்டாக்கும் டேவிட் ஸ்ட்ரட்டும் காட்டினார்கள். முடியைச் சாய்க்கும் அதே புரதங்கள் நடக்கும் செல்லுக்கும் முன்பக்கம் எது என்று சொல்ல உதவுகின்றன.

முதுகெலும்புள்ள விலங்குகளிலும் இந்தப் புரதங்கள் அப்படியே இருக்கின்றன. 2004-இல் நேதன்ஸின் குழு, எலியில் ஃபிரிஸில்டு-6 என்ற மரபணுவை நீக்கியபோது அதன் ரோமம் சுழிசுழியாக முளைத்தது. ஈயின் இறக்கையில் பார்த்த அதே சுழிதான், பாலூட்டியின் தோலில். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அணிவகுப்பதும் வான்கோ குடும்ப மரபணுவின் துணையோடுதான், இது 2003-இல் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, வால் வளையமாகச் சுருண்ட ஓர் எலி வகையின் குறைபாடு வான்கோ குடும்ப மரபணுவில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த மரபணுவின் இரண்டு படிகளும் பழுதான எலிக்கருவில் நரம்புக்குழாய் மூடுவதே இல்லை. நடுமூளையிலிருந்து முதுகின் கடைசி வரை திறந்தே கிடக்கும்.

நரம்புக்குழாய் மூட வேண்டுமென்றால், கருவின் முதுகில் உள்ள செல்கள் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து, விரிப்பு குறுகி நீள வேண்டும். பக்கம் தெரியாத செல்லால் அந்த வேலையைச் செய்ய முடியாது. மனிதக் கருவில் இது கருத்தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது, பெரும்பாலும் தாய்க்குத் தன் கர்ப்பம் உறுதியாகத் தெரிவதற்கு முன்பே. 2007-இல், நரம்புக்குழாய்க் குறையோடு பிறந்த சிலரிடம் வான்கோ குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவில் மாற்றங்கள் இருப்பதை ஃபிலிப் குரோவின் குழு அறிவித்தது. எல்லா நரம்புக்குழாய்க் குறைகளுக்கும் இது காரணமில்லை. ஃபோலிக் அமிலப் பற்றாக்குறை உட்படப் பல காரணங்கள் உண்டு, கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். என்றாலும் குழந்தையின் முதுகெலும்புக்குள் நடப்பதை விளக்கும் ஒரு திறவுகோல் ஈயின் இறக்கையில் கிடைத்தது.

கல்லூரிகளில் விலங்கியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அத்தியாயத்தில் சொன்னதைக் கண்ணால் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நன்றாகக் கனிந்த ஒரு வாழைப்பழத் துண்டை வாய் அகன்ற பாட்டிலில் போட்டு வகுப்பறைச் சன்னலில் வையுங்கள். ஓரிரு நாளில் ஈக்கள் வந்துவிடும். பாட்டிலைப் பஞ்சால் அடைத்துச் சற்று நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அவை அசையாமல் கிடக்கும். ஓர் இறக்கையைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் வைத்து, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று அவர்களே வரையட்டும், ஏன் என்று அவர்களே கேட்கட்டும். முதல் இலையை இடப்பக்கம் போடச் சொன்னது யார் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை என்பதையும் அந்த வகுப்பிலேயே மறைக்காமல் சொல்லுங்கள்.